பாடி தூக்கினவன் பேசுகிறேன்

முப்பத்தைந்து வருஷம் நான் மல்லாந்து படுத்தே சம்பாதித்தவன். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் பொறாமைப்படுகிறார்கள். வண்டிக்கு அடியில் படுத்து, கண்ணில் விழும் மண்ணை ஊதிக்கொண்டு, கையை மேலே நீட்டி வேலை பார்த்த ஜீப் மெக்கானிக் நான். போன வருஷம் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் மல்லாந்து படுத்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் ரிட்டையர் ஆனால் படுத்து ஓய்வெடுக்கச் சொல்வார்கள். என்னை எழுந்திருக்கச் சொல்லி ரிட்டையர் ஆக்கினார்கள்.

காரைக்குடியில் ஜீப் வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்குள் இறங்கி, சேற்றில் மாட்டி, ஒருவரை ஒருவர் கயிறு கட்டி இழுத்துவிட்டு, சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். இப்போது அவர்களில் பாதிப் பேர் பெட்டியில் வருகிற சாமானை வாங்கி, வீட்டு வாசலிலேயே பாடி லிஃப்ட் செய்துகொள்கிறார்கள். "அண்ணே, அது நல்லதா கெட்டதான்னு கூட்டத்துல வந்து பத்து நிமிசம் பேசுங்க" என்று கேட்டார்கள். எனக்கு நட்டோடு பேச வரும், போல்ட்டோடு பேச வரும். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் நாக்கு சிக்கிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துவிடுங்கள் என்றேன். பத்தாம் வகுப்புத் தமிழ்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிறகு உங்களுக்குத் தூக்கம் வந்தால் பரவாயில்லை.

கண்மாயில் தண்ணீர் கிடந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறோம். அதனால் நாம் உயரமாகிவிடுவதில்லை. முழங்கால் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். பாடி லிஃப்ட் அந்த மாதிரி. சேஸ் என்கிற எலும்புக்கூடு இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கும் மேலே உட்கார்ந்திருக்கிற தகரப் பாடிக்கும் நடுவில் இரண்டு அங்குலமோ மூன்று அங்குலமோ கட்டை கொடுத்துத் தூக்குகிறோம். இதனால் பெரிய டயர் போட இடம் கிடைக்கும். செலவு குறைவு. ஸ்பிரிங்கைத் தொடாததால் வண்டி பழைய மாதிரியே குலுங்கும், புது மாதிரி குலுங்காது. எஞ்சினும் கியர் பெட்டியும் கீழேயே இருப்பதால், ஸ்பிரிங்கோடு சேர்த்துத் தூக்கிய வண்டி அளவுக்குத் தலை ஆடாது.

ஆனால் வண்டியின் அடிவயிறு ஓர் அங்குலம்கூட உயராது. பெரிய டயர் எவ்வளவு தூக்குகிறதோ அவ்வளவுதான் லாபம். பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃப்ரன்ஷியல் உருண்டை முன்பு எந்தக் கல்லில் இடித்ததோ, ஏறக்குறைய அதே கல்லில்தான் இடிக்கும். வேட்டியை எவ்வளவு மேலே கட்டினாலும் முள் காலில்தான் குத்துகிறது. பக்கவாட்டில் பார்த்தால் பாடிக்கும் சேஸுக்கும் நடுவே வானம் தெரியும். கோழி உள்ளே புகுந்து முட்டையிடலாம். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரு வண்டியில் இட்டும் இருந்தது. அனுமதி வாங்காமல் செய்தால் வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி. எடுக்கும் அன்று வாயடைத்து நிற்க வேண்டும். விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் என்னைவிட நன்றாக அடியில் படுத்துப் பார்ப்பார். அந்த நாளில் நாங்கள் இதையெல்லாம் யாரிடமும் கேட்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை.

இவ்வளவுதான் நல்லதும் கெட்டதும். இதைச் சொல்ல நான் தேவையில்லை, உங்கள் போனே சொல்லும். போன் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்குக் கருப்பையா மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தேவகோட்டை ரஸ்தா பக்கம் அவருடைய ஒர்க்‌ஷாப். பத்தாவது முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் டீசலில் சாமான் கழுவினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கை வெளுத்தது. பிறகு படுக்கவிட்டார்கள்.

மேஸ்திரி யாரையும் திட்ட மாட்டார். அதற்குப் பதிலாக மரியாதை கொடுப்பார். சாதாரண நாளில் என்னை "வாடா, போடா" என்பார். நான் எதையாவது கெடுத்துவிட்டால், "வாங்க. உக்காருங்க. டீ சாப்புடுறீகளா?" என்பார். அந்த 'றீகளா' காதில் விழுந்தால் எதைக் கெடுத்தேன் என்று தேட ஆரம்பித்துவிடுவேன். ஒருமுறை எஞ்சினில் ஆயில் ஊற்ற மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். மூன்று வாரம் என்னை "ஐயா" என்றே கூப்பிட்டார். கல்யாணமான பிறகு என் மாமனார்கூட எனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

பாடி லிஃப்ட் எங்கள் பக்கம் வந்தபோது எனக்கு நாற்பது வயது நெருங்கியிருந்தது. கட்டையெல்லாம் விற்பனைக்கு வராத காலம். தடித்த நைலான் உருளை வாங்கி லேத்தில் கொடுத்து நாங்களே வெட்டிக்கொள்வோம். அப்போது பழைய சாமான் கடை வைத்திருந்த ஒருவர் ஜீப்போடு வந்தார். கூடவே ஒரு சாக்கு. அதில் பத்துப் பன்னிரண்டு மரத் துண்டுகள். இடித்த வீட்டுத் தூணிலிருந்து அறுத்ததாம்.

"பர்மாத் தேக்கு மேஸ்திரி. நூறு வருசம் மூணு கட்டு வீட்டத் தாங்குன மரம். ஒரு ஜீப்பத் தாங்காதா?" என்றார்.

மேஸ்திரி ஒரு துண்டைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார். "தாங்கும். ஆனா வீடு ஓடாதுல்ல" என்றார்.

கடைக்காரர் கேட்கவில்லை. நைலானைவிடத் தேக்குக்குக் கௌரவம் என்றார். பாலிஷ் வேறு போட்டிருந்தார், பாடிக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்களோ. போட்டுக் கொடுத்தோம். மழைக்காலம் முடிந்து வந்தார். மரம் அமுங்கி, போல்ட் எல்லாம் தளர்ந்து, வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டிருந்தது. மேஸ்திரி எழுந்து நின்று கும்பிட்டார். "வாங்க, வாங்க. என்ன, வீடு நகந்துருச்சா?" என்றார். அந்த மரியாதை எதற்கென்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கட்டை போடுவது சின்ன வேலை. பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் ஒரு கை அங்கே, ஒரு கை இங்கே என்று பிடித்துக்கொண்டிருக்கிற சாமான்கள்தான் பெரிய வேலை. ஸ்டியரிங் தண்டு, பிரேக் பைப், கிளட்ச், ஹேண்ட்பிரேக் கேபிள், டீசல் ஊற்றும் ரப்பர் குழாய், எர்த் ஒயர், ரேடியேட்டர் ஹோஸ் என்று பழைய ஜீப்பில் பன்னிரண்டு இருக்கும். பாடி மட்டும் மேலே போனால் இவை இழுபடும், அல்லது கழன்றுகொள்ளும். மேஸ்திரி இவற்றுக்கு வைத்த பெயர் சம்பந்தி.

"கல்யாணத்துல ஒரு சம்பந்திய வாங்கன்னு கேக்காம விட்டா என்னாகும்? பந்திய பாதியில நிப்பாட்டிருவாக. வண்டியும் அப்புடித்தான். எல்லாரையும் தனித்தனியா அழைக்கணும்" என்பார்.

அழைப்பது என்றால் சும்மா இல்லை. ஒரு பழைய தைல டப்பாவில் குங்குமத்தைக் கிரீஸில் குழைத்து வைத்திருப்பார். கிரீஸ் சேர்ந்தால் காற்றில் பறக்காது, தண்ணீரில் கரையாது. ஒரு சம்பந்தியை நீட்டவோ மாற்றவோ வேண்டியதைச் செய்து, ஸ்பேனரால் முடுக்கி, கையால் ஆட்டிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அதன்மேல் ஒரு பொட்டு. கடைசியில் நான் ஒருதரம் எண்ணுவேன், அவர் ஒருதரம் எண்ணுவார். பன்னிரண்டு பொட்டும் இருந்தால் பானெட்டை மூடலாம். அத்தனை வருஷத்தில் எங்கள் பொட்டு பொய் சொன்னதில்லை.

இந்தத் தொழிலால் வந்த ஒரு கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் 'பாடி தூக்குறது' என்போம். எங்களுக்கு அது ஜீப் வேலை. ஊருக்கு அது பிண வேலை. என் மகளிடம் பள்ளிக்கூடத்து டீச்சர் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். "பாடி தூக்குறாங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அடுத்த முறை போனபோது அந்த டீச்சர் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "எந்தத் தொழிலும் கேவலமில்லைங்க. பாப்பா முன்னாடி மட்டும் அதைப் பத்திப் பேசாதீக" என்று தணிந்த குரலில் சொன்னார். விளக்கிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மகள் அந்தப் பள்ளியை விடும்வரை அங்கே நான் பிணம் தூக்குகிறவனாகவே இருந்தேன்.

இனி பாண்டியின் வண்டி.

பாண்டி அரியக்குடிப் பக்கத்து விவசாயி. என்னைவிடச் சில வயது இளையவர். கண்மாய் ஓரம் வயலும் தென்னந்தோப்பும். மழை பெய்தால் தோப்புக்குப் போகிற பாதை களியாகிவிடும். பெரிய டயர் போட வேண்டும், அதற்காகப் பாடியை இரண்டு அங்குலம் தூக்க வேண்டும் என்று பழைய ஜீப்பை விட்டுவிட்டுப் போனார். ஆயுத பூசைக்கு முன்னால் வண்டி வேண்டும், அன்றைக்கு வீட்டோடு திருக்கோஷ்டியூர் பெருமாள் கோவிலுக்குப் போகிறோம் என்றார்.

பூசைக்கு முந்தின நாளே பதினோரு சம்பந்தி முடிந்துவிட்டது. மிச்சம் ஸ்டியரிங் தண்டு. பாடியோடு ஸ்டியரிங் மேலே போய்விட்டதால் தண்டு எட்டவில்லை. நடுவில் கொடுக்க ஒரு துண்டு லேத்துக்குப் போயிருந்தது. அது வந்து சேர்ந்தது பூசை அன்று காலையில். பல்லோடு பல் பொருத்திச் செருகினேன். அது நழுவாமல் இறுக்கிப் பிடிக்க ஒரு போல்ட் உண்டு. கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, ஸ்பேனர் எடுக்க வெளியே வந்தேன்.

ஸ்பேனர் இல்லை. எல்லா ஸ்பேனரும் கழுவித் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் இலையில் அடுக்கியிருந்தது. பூசையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது. "மணி ஆச்சுடா, வா" என்று மேஸ்திரி கூப்பிட்டார். பூசை முடிந்ததும் எப்படியாவது கேட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு போய் நின்றேன்.

அந்த நேரத்தில் பாண்டி வீட்டார் வந்துவிட்டார்கள். பாண்டி, அவர் மனைவி செல்வி, பாண்டியின் அம்மா. அந்த அம்மாவுக்கு மூட்டு வலி. ஜீப்பின் புது உயரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏண்டா, கோவிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன. பாதி வழி மேல இங்கயே அனுப்பிருவ போலயே" என்றார்.

"பெரிய டயரு ஆத்தா. சேத்துல பொதையாது."

"நான் எப்புடி ஏறுவேன்? என்னையும் கயிறு போட்டுத்தான் தூக்கணும்."

நாங்கள் உள்ளே தீபாராதனை பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சும்மா இருக்கவில்லை. வண்டிக்குப் பூசை போட வீட்டிலிருந்தே சந்தனம் குங்குமம் கொண்டுவந்திருந்தார். பானெட் திறந்திருந்தது. கண்ணில் பட்டதுக்கெல்லாம் வைத்துவிட்டார். பேட்டரிக்கு, ஏர் ஃபில்டருக்கு, ஹாரனுக்கு, தண்ணீர் டப்பாவுக்கு.

மேஸ்திரி தன் பங்குக்கு எண்ணாமலே பூசணிக்காய் உடைக்கப் போனார். பாண்டி, "நல்ல நேரம் முடியப் போகுதுண்ணே" என்று அவசரப்படுத்தினார். நான் ஓடிவந்து அடியிலும் பின்னாலும் எண்ணிவிட்டு, மிச்சத்தைப் பானெட்டுக்குள் குனிந்து எண்ணினேன். பத்து, பதினொன்று. ஸ்டியரிங் தண்டைப் பார்த்தேன். பொட்டு இருந்தது. பன்னிரண்டு. பொட்டைப் பார்த்தே பழகிய கண், முடுக்காமல் விட்ட போல்ட்டை மறந்துவிட்டது. மூடினேன்.

முப்பத்தைந்து வருஷத்தில் நான் செய்த வேலையெல்லாம் ஒரு பக்கம், அந்தப் பானெட்டை மூடியது ஒரு பக்கம்.

நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு ஜீப் கிளம்பியது. ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு ஆத்தாவை ஏற்றிவிட்டோம். நான் ஒரு கை பொரி அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கொறித்தபடி உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்து எதிரில் நின்றார். நெற்றியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்டியரிங் தண்டில் இருந்த பொட்டுக்கும் அடியில் சந்தனம் இருந்தது.

நாங்கள் சம்பந்திக்குச் சந்தனம் வைப்பதில்லை.

கையிலிருந்த பொரியைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்தேன். சொன்னேன். மேஸ்திரி பில் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "ஐயா," என்றார், "போன் போடுறீகளா?"

பில் புத்தகத்தைப் பார்த்து பாண்டியின் நம்பரைப் போட்டேன். போனில் பேசுவதே எனக்கு ஆகாது. பாண்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் அவர் அம்மா எடுத்தார். காற்று இரைச்சல்.

"ஆரு?"

"ஆத்தா, நான்தான், பாடி தூக்குனவன் பேசுறேன்."

"என்னது? பாடியா?"

"ஆமா ஆத்தா. உங்க பாடிதான். தூக்குனதுல ஒரு தப்பாயிருச்சு. ஒடனே நிப்பாட்டச் சொல்லுங்க."

அந்தப் பக்கம், "டேய் பாண்டி, நிப்பாட்டுறா! போயிட்டாகடா, போயிட்டாக" என்று ஓர் அலறல் கேட்டது. போன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை.

யார் போனார்கள், எங்கே போனார்கள், வண்டி நின்றதா, உருண்டதா, எதுவும் தெரியவில்லை. மேஸ்திரி நேரே உள்ளே போய், சாமிக்கு முன்னால் இலையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். "மேஸ்திரி, இன்னைக்குத் தொடக் கூடாதே" என்று என் வாய் தானாகச் சொன்னது.

"சாமி எந்த போல்ட்ட முடுக்கப் போறாரு? நீங்க வண்டிய எடுங்க ஐயா" என்றார்.

என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்துகொண்டார். குன்றக்குடி சாலை. வழியெல்லாம் மாலை போட்ட லாரிகளும் பஸ்களும் வாழைக்கன்றைக் கட்டிக்கொண்டு எதிரே வந்தன. ஒவ்வொரு பள்ளத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். "பெரியவுக ரோட்டப் பாத்து ஓட்டுறீகளா? நம்மளும் போயிறாம" என்றார் மேஸ்திரி.

குன்றக்குடி தாண்டி ஒரு புளியமரத்தடியில் ஜீப் நின்றிருந்தது. நாலு டயரும் தரையில்தான் இருந்தன. அதைப் பார்த்ததும் மொபெட்டை ஓரங்கட்டினேன்.

ஆனால் ஆத்தா தலைவிரி கோலமாக மரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். விஷயம் பிறகுதான் விளங்கியது. பாண்டியின் சித்தப்பா ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். பாடியைத் தூக்கினவன் போன் செய்தால் வேறு என்ன அர்த்தம்? அதுவும் தூக்கியதில் தப்பு என்றால், சொந்தக்காரர்களுக்குச் சொல்லாமலே எடுத்துவிட்டார்கள் என்றுதானே நினைக்க வேண்டும்?

"வரப்புத் தகராறுல கூட ஒரு வார்த்த முகஞ்சுளிச்சுப் பேசலியே அந்த மகராசன்" என்று அழுதார்.

"நேத்துக்கூட மண்ணாப் போகன்னு சொன்னீக அத்தை" என்றார் செல்வி, மெதுவாக.

"அது நேத்து" என்றார் ஆத்தா. தொடர்ந்து அழுதார்.

பாண்டி இதற்குள் சித்தப்பாவின் போனுக்குப் போட்டிருந்தார். சித்தப்பாவே எடுத்தார். நல்லா இருக்கேன், இட்லி சாப்பிட்டேன், எதுக்குக் கேக்குற என்றாராம். போனை வைத்துவிட்டுப் பாண்டி என்னிடம் வந்தார்.

"ஏண்ணே, நல்ல நாளும் அதுவுமா ஆரு செத்துப்போனதுன்னு போன் போட்ட?"

உண்மையைச் சொன்னால் எங்கள் ஒர்க்‌ஷாப் தெருவில் அடுத்த வருஷம் என்னிடம் யாரும் சைக்கிளைக்கூடத் தர மாட்டார்கள். நம்பர் மாறிப் போட்டுவிட்டேன் என்று சொல்லலாம். ஏதோ சத்தம் வருகிறது என்று சொல்லி அடியில் போய் ஓசைப்படாமல் முடுக்கிவிட்டும் வரலாம். யாருக்கும் தெரியாது. மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்து, எனக்கு உதவி செய்கிற எண்ணமே இல்லாமல், தூரத்தில் குன்றக்குடி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பானெட்டைத் திறந்தேன். பாண்டியைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். போல்ட் அதன் ஓட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. தண்டு நழுவி மேலே போய்விட்டிருந்தது. பல்லும் பல்லும் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு நகத்தின் அகலம். இரண்டு விரலால் இழுத்தேன், கழன்று வந்தது.

"செல்வி, ஸ்டியரிங்கத் திருப்பும்மா" என்றேன்.

செல்வி உள்ளே எட்டித் திருப்பினார். ஸ்டியரிங் முழுச் சுற்று சுற்றியது. முன் டயர் இரண்டும் அசையாமல் இருந்தன. செல்வி கையை எடுத்துக்கொண்டார்.

ஜீப் நின்ற இடத்திலிருந்து இருநூறு அடியில் சாலை இடப்பக்கம் வளைகிறது. வளைவுக்கு நேரே கண்மாய்க் கரை. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கிடந்தது.

ஆத்தா அழுகையை நிறுத்திவிட்டு வந்து நின்றார். "அப்ப ஆரும் சாகலையா?"

"இல்ல ஆத்தா."

அவர் டயரைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், கண்மாயைப் பார்த்தார். "எங்களுக்குத்தான் போன் போட்டிருக்க" என்றார்.

பிறகு அவரே தண்டிலிருந்த பொட்டைப் பார்த்துவிட்டு, "இது நான் வச்சதுல்ல?" என்றார்.

"பொட்டு நீங்க வச்சது ஆத்தா. முடுக்காதது நான்" என்றேன். என் வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் நான் சிக்காமல் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

பாண்டி கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். அதை எழுத வேண்டாம். நியாயமான வார்த்தைதான்.

தண்டைச் செருகி, சாமிக்குப் படைத்த ஸ்பேனரால் முடுக்கினேன். முடுக்கி, ஆட்டிப் பார்த்து, மறுபடி முடுக்கினேன். பழக்கதோஷத்தில் கை தைல டப்பாவைத் தேடியது. செல்வி அதைப் பார்த்துவிட்டார்.

"பொட்டு ஆரு வேணாலும் வைப்பாகண்ணே. அத நம்பியா வண்டிய அனுப்புறீக?" என்றார். கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். சிவப்பு நகப்பூச்சு. "எங்க வீட்டுப் பாத்திரம் விசேச வீட்டுக்குப் போனா அடியில இதுலதான் கோடு போட்டு விடுவேன். சாம்பலப் போட்டுத் தேச்சாலும் போகாது. இதப் போடுங்க."

வாங்கினேன். பொட்டு வைக்கவில்லை. போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்தேன். மேஸ்திரி மைல்கல்லை விட்டு எழுந்துவந்து குனிந்து வெகுநேரம் பார்த்தார். போல்ட் தளர்ந்து கொஞ்சம் திரும்பினாலும் கோடு ஒடிந்துவிடும். பொட்டு நாங்கள் செய்ததை மட்டும் சொல்லும். கோடு அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லும். மேஸ்திரி தைல டப்பாவைத் தன் மடியிலிருந்து எடுத்து, மைல்கல்லின்மேல் வைத்துவிட்டார்.

பாண்டி சாவியைப் போட்டார். ஆத்தா ஏறவில்லை. "முடுக்குனவுக மொதல்ல ஏறட்டும்" என்றார். மொபெட்டைப் புளியமரத்தில் சாத்திவிட்டு நானும் மேஸ்திரியும் பின்னால் ஏறினோம். பிறகு ஆத்தா என் தோளை மிதிக்காத குறையாக ஏறி, எனக்கு எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தார்.

வளைவு வந்தது. பாண்டி இடப்பக்கம் திருப்பினார். வண்டி திரும்பியது. வலப்பக்கம் தண்ணீர் பளபளவென்று கடந்துபோனது.

மேஸ்திரி என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். "பொரி வச்சிருந்தியே, இருக்காடா?" என்றார்.

பையிலிருந்ததை அப்படியே கொட்டிக் கொடுத்தேன். திருக்கோஷ்டியூர் வரைக்கும் அவர் ஆத்தாவுக்கும் பங்கு வைத்துச் சாப்பிட்டார். எனக்குத் தரவில்லை. அது நியாயம்.

நான் பயந்தது நடக்கவில்லை. பாண்டி பிறகும் என்னிடம்தான் வண்டியை விட்டார். ஆனால் எடுக்க வரும்போதெல்லாம் ஆத்தா கூட வந்து, "கோடு இருக்கா?" என்று கேட்காமல் ஏற மாட்டார்.

ஆகவே, ஜீப் வைத்திருக்கிற தம்பிகளே, தூக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். வீட்டில் மூட்டு வலிக்காரர் இருந்தால் அவரிடம் முதலில் கேளுங்கள். பன்னிரண்டு சம்பந்தியையும் ஒவ்வொருவராக அழையுங்கள், நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருதரம் போய்ப் பாருங்கள். பூசை அன்று வேலை செய்யாதீர்கள்.

அந்த வாரமே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனேன். கடையெல்லாம் பெண்கள். அரை மணி நேரம் வெளியே நின்றுவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. கடைக்காரப் பெண், "நெயில் பாலிஷ் யாருக்குண்ணே? வீட்டுலயா, பொண்ணுக்கா?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ஸ்டியரிங்குக்கு" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "சிவப்பா, ரோஸா?"

சிவப்பு. உங்களுக்குப் பெட்டியில் வருகிற சாமானோடு அது வராது. தனியாகப் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.